ஏழும் எட்டும் பதினாறு

சார், ஒரு விடுகதை போடுகிறேன். பஸ் மதுரை போய்ச் சேர்வதற்குள் விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு மெஷின் இருக்கிறது. இரண்டு எண்ணைக் கொடுத்தால் கூட்டிச் சொல்லும். அஞ்சும் அஞ்சும் எவ்வளவு என்றால், பத்து என்கிறது. சரிதானே? ஏழும் எட்டும் எவ்வளவு என்றால், பதினாறு என்கிறது. சரி, ஒன்று கூடுதலாக வருகிறது. இரண்டும் ஒன்பதும் எவ்வளவு என்றால், பதினெட்டு என்கிறது. ஓகோ, கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்குகிறது போல என்று நினைத்து, மூன்றும் ஒன்பதும் எவ்வளவு என்று கேட்டால், அதற்கும் அதே பதினெட்டு. அப்படியென்றால் இந்த மெஷின் என்னதான் செய்கிறது?

இருங்கள், இருங்கள். வாயைத் திறக்காதீர்கள். முதலில் நன்றாக யோசியுங்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளட்டுமா? வெயில் அடிக்கிறது.

என் பெயர் குருலிங்கம். அருப்புக்கோட்டையில் 'சரிவிடை டியூஷன் சென்டர்' எங்கே என்று எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் கொண்டுவந்து விடுவார். கணக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறேன்: 'இங்கே தவறுக்கு இடமில்லை.' நானே யோசித்த வாசகம். என் மனைவி அமுதவல்லி அதைப் பார்த்துவிட்டு, "இது டியூஷனா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றாள். அவளுக்குக் கணக்கில் அவ்வளவாக ஈடுபாடு கிடையாது.

அந்த மெஷினைச் செய்தது என் மகள். செம்மலர், ஏழாம் வகுப்பு. பிறந்தபோது கணிதா என்று வைக்கலாம் என்றேன். யார் கேட்டார்கள்? இன்றைக்கு மதுரையில் அவள் மேடையில் உட்காரப் போகிறாள். பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். அவள் காலையிலேயே வேனில் போய்விட்டாள். நான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன், பார்ப்பதற்கு.

ஏன் அதே வேனில் போகவில்லை என்று கேட்கிறீர்கள். வருகிறேன். அதற்கும் வருகிறேன்.

எங்கள் ஊர் நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெஜினா என்று ஒரு பெண் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். பெங்களூரில் வேலை பார்த்தவள். கட்டணம் கிடையாது. கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இருந்தாலும் செம்மலர் ஆசைப்பட்டாள், அனுப்பினேன். ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள்:

"அப்பா, எங்க கிளப்புல ஒரு போட்டி. தப்பாக் கூட்டுற ப்ரோக்ராம் எழுதணும்."

"சரியாக் கூட்டுறதுதானே?"

"இல்லப்பா. தப்பா."

"அதான், சரியா எழுது."

"அப்பா, போட்டியே தப்பாக் கூட்டுறதுதான்!"

எனக்குத் தொண்டையில் தோசை நின்றுவிட்டது சார். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று தெரியாது. நீங்கள் ஒரு டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை வந்து, காய்ச்சல் வரவழைக்கிற போட்டியில் சேர்ந்திருக்கிறேன் என்றால் எப்படி இருக்கும்?

பிறகு அமுதவல்லிதான் பொறுமையாகக் கேட்டு எனக்குச் சொன்னாள். தப்பு என்றால் வாய்க்கு வந்த தப்பு இல்லையாம். அந்தத் தப்புக்குள்ளே ஒரு விதி இருக்க வேண்டுமாம், ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய விதி. ஒருத்தர் செய்த மெஷினில் மற்றவர்கள் எண்களைப் போட்டுப் பார்த்து, அது எப்படித் தப்புச் செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் பிள்ளைகளே ஓட்டுப்போடுவார்கள். யாருடைய தப்பு நல்ல தப்பு என்று! அதில் ஜெயித்தவர் மதுரைக்குப் போகலாம்.

செம்மலருக்கு எப்படியாவது மதுரை போக வேண்டும். பல் தேய்க்கும்போதுகூடத் தப்பு யோசித்தாள். வாயில் நுரையோடு நின்றுகொண்டு, "அம்மா, கண்டுபிடிச்சிட்டேன்" என்பாள். என்னிடம் சொல்ல மாட்டாள். நான் சரிசெய்துவிடுவேன் என்று பயமாம். குழந்தைதானே.

எனக்கும் ஒரு விஷயம் பிடித்திருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மதுரையில் மேடையில் ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு துணை நாற்காலி போடுவார்களாம். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, பேசலாம். பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும் என்று. வேனிலும் பிள்ளைக்கும் துணைக்கும் மட்டும்தான் இடமாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த நாற்காலி கண்ணிலேயே நின்றது. அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் மடியில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொல்வாள் சார். பதிமூன்றாம் வாய்ப்பாடு வரைக்கும். அதற்கப்புறம் மடியில் உட்காரவில்லை. வளர்ந்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போட்டிக்கு முதல் நாள். அவள் குளிக்கப் போயிருந்தாள். டியூஷன் சென்டர் கம்ப்யூட்டரில்தான் எழுதியிருந்தாள், திறந்தபடியே இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன். இருபத்தேழும் பதினைந்தும். வந்த விடை என்ன தெரியுமா? முப்பத்திரண்டு! ஏழும் அஞ்சும் பன்னிரண்டு, இரண்டைப் போட்டுவிட்டு அந்த ஒன்றை மேலே கொண்டுபோகாமல் அப்படியே விட்டுவிடுகிறது. எந்தப் பிள்ளை அந்த ஒன்றை விட்டாலும் நான் வகுப்பு முழுக்க நிற்கவைப்பேன். என் வீட்டிலேயே, என் கம்ப்யூட்டரிலேயே, அந்த ஒன்று போகிற போக்கில் காணாமல் போகிறது!

இது போட்டிக்காக வேண்டுமென்றே செய்த தப்பு என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. ஆனால் அங்கே யார் யார் வருவார்கள்? என் மாணவர்களின் அப்பா அம்மா வருவார்கள். 'குருலிங்கம் மகளுக்கு இருபத்தேழும் பதினைந்தும் தெரியவில்லை' என்று ஒருத்தர் சொன்னால் போதாதா? அதோடு, நானும் அந்தக் காலத்திலேயே ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, ஒரே வரியில் சரியான கூட்டலைப் போட்டேன். இருபத்தேழும் பதினைந்தும் நாற்பத்திரண்டு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சரியான விடையை எந்த ஊரிலாவது வேண்டாம் என்பார்களா? செம்மலரிடம் சொல்லவில்லை. மேடையில் ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் குளித்துவிட்டு வந்து, அப்படியே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள்.

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள், முடித்துவிடுகிறேன்.

மறுநாள் நூலகத்து மாடி நிறையப் பிள்ளைகள். ஒவ்வொரு மெஷினாகப் போட்டுப் பார்க்கிறார்கள். கவின் என்று ஒரு பையன், என்னிடம் படிக்கிறவன், அவனுடைய மெஷின் மூன்று வரும் இடத்திலெல்லாம் எட்டு போட்டது. உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்தி செய்தது எந்த விடையையும் திருப்பி எழுதியது. அதுவும் போச்சு. அடுத்து செம்மலருடையது.

"இருபத்தேழு, பதினஞ்சு."

"நாப்பத்திரண்டு. சரியா வருதே!"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, நாலாயிரத்து ஏழு."

"அதுவும் சரி!"

"டேய், சைபர் போட்டுப் பாருடா!"

"பெரிய நம்பரா போடு. எங்கேயோ ஆழமா ஒளிச்சு வச்சிருக்கா!"

கூட்டம் கூடிவிட்டது சார். மற்ற மெஷின்களை விட்டுவிட்டு எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். கவின் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு வரி நீளத்துக்கு எண் அடிக்கிறான். ரெஜினாவே வந்து உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறாள். "செம்மலர், பிரமாதமா மறைச்சிருக்கியே!" என்கிறாள். செம்மலர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தில் வாயடைத்து, வெளுத்துப்போய் நிற்கிறாள்.

அந்தக் கூட்டத்தில் ஆஃப்ரின் என்று ஒரு பொடிசு. நாலாம் வகுப்பு. அவளுடைய அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அது எல்லோருடைய இடுப்புக்கு நடுவிலும் தலையை நுழைத்து, "அண்ணா, இதுல தப்பே இல்லண்ணா. இது நல்லாத்தான் கூட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. "ஏய், சும்மா இரு" என்றான் கவின். அது என் பக்கம் திரும்பி, "சார், இதுல தப்பே இல்ல சார்" என்றது. நானும், "பெரியவங்க பார்த்துக்கிட்டிருக்கும்போது நடுவுல பேசக்கூடாது பாப்பா" என்று கையமர்த்தினேன். அது சொன்னது சரிதான். ஆனால் அதை அறிவிக்க வேண்டியவன் நான் அல்லவா?

அப்படியே எழுந்து நின்றேன். "யாரும் சிரமப்பட வேண்டாம்! இதில் தப்பே கிடையாது. நேற்று நானே உட்கார்ந்து சரிபண்ணிவிட்டேன்!" என்றேன்.

கைதட்டுவார்கள் என்று ஒரு விநாடி நிறுத்தினேன்.

"சார், இது தப்பாக் கூட்டுற போட்டி" என்றாள் ரெஜினா.

"தெரியும்மா. அதனாலதான் சரிபண்ணினேன்."

"சார், தப்பு இல்லைன்னா அது போட்டியிலேயே இல்லை."

பாருங்கள் சார், எப்படிப்பட்ட காலம்! முப்பது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விடை சரியாக இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் விட்டுவிடுவேனா? இது என்ன நியாயம் என்று கேட்டேன். செம்மலர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, போதும்ப்பா. ப்ளீஸ்ப்பா" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். அப்பா தனக்காகப் பேசுகிறாரே என்று பெண் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வரும்.

ரெஜினா யோசித்தாள். பிறகு, "சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள புதுசா ஒண்ணு எழுத முடியுமா செம்மலர்? உன் தப்பு, நீயே செய்யணும்" என்றாள். செம்மலர் தலையாட்டினாள். மற்ற பிள்ளைகளையும் கேட்டார்கள்; எழுதட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள். என்னிடம் படிக்கிறவர்கள்தானே பாதிப் பேர்.

எல்லோரும் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். இவள் சாப்பிடவில்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் விடுவேனா? பின்னாலேயே போய் நின்றேன். "ஒண்ணு செய். சரியான விடையைப் போட்டு, அதுக்குக் கீழே பொடி எழுத்துல 'இது தவறு'ன்னு போட்டுடு. போட்டியும் ஆச்சு, கணக்கும் சரியாச்சு" என்றேன்.

"அப்பா, எனக்கு ஒண்ணு தோணுது..."

"முதல்ல நான் சொல்றதைக் கேளு. சரியான விடை, கீழே 'இது தவறு'."

"இல்லப்பா, அந்த விதி ஒரே வாக்கியத்துல..."

"அதான் சொல்றேன். சரியான விடை, கீழே 'இது தவறு'."

"அப்பா."

"சொல்லும்மா."

"நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம என்ன? நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? சரியான விடை..."

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள் சார். கோபமாக இல்லை. ஏதோ பிடிபட்டமாதிரி ஒரு பார்வை. கணக்கில் வழி கிடைக்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் அந்த வெளிச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் திரும்பி மடமடவென்று அடிக்க ஆரம்பித்தாள். நான் சொன்னதுதான் அவளுக்கு வழி காட்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி வழி காட்டியது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த மெஷின்தான் நான் உங்களிடம் கேட்ட விடுகதை. அஞ்சும் அஞ்சும் பத்து. ஏழும் எட்டும் பதினாறு.

"ஒண்ணு கூட்டிச் சொல்லுது!" என்றான் கவின்.

"அப்போ அஞ்சும் அஞ்சும்?" என்றது யாரோ.

"ரெண்டும் ஒம்பதும் பதினெட்டு. பெருக்கல்டா! பெருக்கல்!"

"மூணும் ஒம்பதும் போடு. ஆ! அதுக்கும் பதினெட்டு!"

தலையைச் சொறிகிறார்கள். நானும் சொறிந்தேன், உங்களிடம் சொல்வதற்கென்ன. அப்போது மறுபடியும் அந்தப் பொடிசு இடுப்புகளுக்கு நடுவே வந்தது. "அக்கா, நான் ஒண்ணு போடட்டா?" கவின் தள்ளிவிடப் பார்த்தான். செம்மலர் அவன் கையை எடுத்துவிட்டு, தன் நாற்காலியிலேயே அதற்குப் பாதி இடம் கொடுத்தாள். ஆஃப்ரின் ஒரு விரலால் நூறு அடித்தது. அப்புறம் ஒன்று. இருநூறு என்று வந்தது. அப்புறம் நூறும் இரண்டும். அதற்கும் இருநூறு. நூறும் ஐம்பதும். இருநூறுதான்.

ஆஃப்ரின் சிரித்துவிட்டது. "அக்கா, சின்ன நம்பர் என்ன சொன்னாலும் அதுக்குக் காதுலயே விழல. பெரிய நம்பர் தான் சொன்னதையே திருப்பி இன்னொரு தடவ சொல்லுது!"

செம்மலர் ஆமாம் என்று தலையாட்டினாள். அவ்வளவுதான். முதலில் ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கவின் குபீரென்று சிரித்தான். அப்புறம் மாடியே சிரிக்கிறது சார்! சிரித்துக்கொண்டே எல்லோரும் என் பக்கம் பார்க்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. சுவர்தான் இருந்தது. சரி, பெற்றவனைப் பார்த்துப் பாராட்டுகிறார்கள் என்று புரிந்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

"இந்த யோசனை எங்கேருந்து வந்துச்சு செம்மலர்?" என்று ரெஜினா கேட்டாள்.

"வீட்டுல பார்த்தது மேடம்" என்றாள்.

கேட்டீர்களா? வீட்டில் பார்த்தது! வீட்டுச் சூழ்நிலை என்று சும்மாவா சொல்கிறேன்?

"அப்போ அஞ்சும் அஞ்சும் ஏன் சரியா வருது?" என்று கவின் விடாமல் கேட்டான். அதற்கும் ஆஃப்ரின்தான் பதில் சொன்னது. "ரெண்டு பேரும் ஒரே அளவா இருந்தா சரியாத்தான் வரும்ணா." அப்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சாதாரணக் கணக்குதான்.

ஓட்டெல்லாம் செம்மலருக்கே. கவின்கூட அவளுக்குத்தான் போட்டான். வீட்டுக்கு வந்து அமுதவல்லியிடம் முழுக்கச் சொன்னேன், மெஷின் என்ன செய்கிறது என்பது உட்பட. அவள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தும்முகிற மாதிரிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு அந்த மெஷின் பிடிச்சிருக்கா?" என்றாள். "பிடிக்காம என்ன? தப்புன்னாலும் ஒரு கம்பீரமான தப்பு" என்றேன். மறுபடியும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மதுரைக்குத் தயாரானேன். இன்றைக்கு வகுப்பு இல்லையென்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சட்டை புதிதாகத் தைத்தேன், இதோ இதுதான். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பது சட்டம் அல்லவா? அதனால் சாயங்காலம் சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். கஷ்டம்தான். ஒரு கையைக் கட்டினால் இன்னொரு கை போகிறது. மதுரையில் என்ன தப்புச் செய்யலாம் என்றுகூட எனக்கே யோசனைகள் வர ஆரம்பித்தன. பாருங்கள், போர்டு வைத்திருக்கிற எனக்கு! செம்மலரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "சரிப்பா" என்றாள். எல்லாவற்றுக்கும் "சரிப்பா"தான். அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை ரெஜினா வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தோம். "செம்மலர், துணைக்கு யாருன்னு முடிவு பண்ணிட்டியா? பெரியவங்கதான்னு இல்லை, யாரா இருந்தாலும் சரி" என்றாள்.

"இதுல முடிவு பண்ண என்னம்மா இருக்கு?" என்றேன்.

"அவளே சொல்லட்டும் சார்."

"தாராளமா சொல்லட்டும். நான் நடுவுல பேசவே இல்லை" என்றேன். பேசவும் இல்லை. பேசவில்லை என்று ரெஜினாவிடம் இன்னொரு தரமும் சொன்னேன். செம்மலர் கூச்சப்படுகிறாளோ என்று, லேசாக என் நெஞ்சைத் தொட்டு மட்டும் காட்டினேன். அமுதவல்லி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

செம்மலர் என்னைப் பார்த்தாள். பிறகு ரெஜினா பக்கம் திரும்பி, ஆஃப்ரினைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.